‘முன்னுரிமைப் பங்கு’ என்ற வரியையும் அச்சிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நீண்ட காலம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். பீர் குடித்துப் பழக்கமில்லாத ஒருவன் ஒரு பீர் கம்பெனியைப் பற்றி எழுதுவதா என்று தாங்கள் எண்ணக்கூடும். ஸ்காட்லாந்தின் ப்ரூடாக் கம்பெனி வளர்ந்து, தேய்ந்து, விலைபோன கதையில் பீரைவிடக் கணக்கே அதிகம் என்பதாலும், அந்தக் கணக்கு நம் ஊர்க்காரர்களுக்கு மிக எளிதில் விளங்கக்கூடியது என்பதாலும் இதை எழுதுகிறேன்.

2007ஆம் ஆண்டு ஃப்ரேசர்பர்க் என்னும் மீன்பிடித் துறைமுக ஊரில், ஜேம்ஸ் வாட், மார்ட்டின் டிக்கி என்ற இரண்டு இளைஞர்கள் அந்தக் கம்பெனியைத் தொடங்கினார்கள். பெரிய ஆலைகளின் சப்பென்ற பீருக்கு எதிராக, கசப்பும் மணமும் தூக்கலான ‘கிராஃப்ட் பீர்’ வகையைச் சிறிய அளவில் காய்ச்சி விற்பதே அவர்கள் தொழில். வங்கிக்கும் பெருமுதலாளிக்கும் கட்டுப்படாத கலகக்காரர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டு, 2009 முதல் பீர் குடிப்பவர்களிடமே நேரடியாகப் பங்குகளை விற்றார்கள். பங்கு வாங்கியவர்களுக்கு மதுக்கூடங்களில் விலைத் தள்ளுபடி கிடைத்தது. ஆண்டுப் பொதுக்கூட்டமே பாட்டும் கூத்துமாகத் திருவிழாவைப் போல நடந்தது. இப்படிப் பல சுற்றுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடமிருந்து சுமார் 7.5 கோடி பவுண்டு திரட்டினார்கள். அவர்களில் பலர் லாபக் கணக்குப் பார்த்து வந்தவர்கள் அல்லர், பாசத்தால் பணம் போட்டவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

என் கணிப்பில் அந்தக் கம்பெனி உண்மையில் விலைபோனது 2017இல். அந்த ஆண்டு டிஎஸ்ஜி என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் 21.3 கோடி பவுண்டு கொடுத்து ஏறத்தாழ 22 சதவீதப் பங்கை வாங்கியது. கம்பெனியின் மதிப்பு 100 கோடி பவுண்டு என்று செய்தி பரவியது. நிறுவனர்களும் தம் பங்குகளில் ஒரு பகுதியை அப்போதே விற்றுப் பணம் கண்டார்கள். ஆனால் அமெரிக்க நிறுவனம் வாங்கியது மற்றவர்கள் வைத்திருந்த சாதாரணப் பங்கு அன்று, முன்னுரிமைப் பங்கு. கம்பெனி பின்னர் விற்கப்பட்டால் அந்நிறுவனத்தின் முதலும், அதன் மேல் ஆண்டுக்கு 18 சதவீதக் கூட்டு ஆதாயமும் முதலில் எடுத்து வைக்கப்படும். அதற்குப் பிறகு மிச்சம் இருந்தால்தான் சாதாரணப் பங்குதாரர்கள் பக்கம் எதுவும் வரும்.

18 சதவீதக் கூட்டுவட்டி என்றால் என்ன என்று செட்டிநாட்டில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நான்கு ஆண்டுகளும் சில மாதங்களும் போனால் முதல் இரட்டிக்கும். 2017இல் 21.3 கோடியாக இருந்த தொகை 2021இல் 41 கோடியைத் தாண்டும். 2025இல் 80 கோடியைத் தொடும். அதாவது 2025இல் அந்தக் கம்பெனியை 80 கோடி பவுண்டு கொடுத்து யாராவது வாங்கியிருந்தால்கூட, அத்தனையும் ஒரே ஒருவர் கைக்குப் போயிருக்கும். ‘வட்டி ஆசை முதலுக்குக் கேடு’ என்பார்கள். இங்கே வட்டிக்கு ஆசைப்படாதவர்களின் முதலை வேறொருவருடைய வட்டி தின்றிருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்குப் பின்னரும் 2021 வரை பொதுமக்களுக்குப் பங்கு விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். இந்த நிபந்தனை ரகசியமாக வைக்கப்படவில்லை, ஆவணங்களில் இருந்தது. ஆனால் விளம்பரத்தில் பெரிதாக நின்றது 100 கோடி என்ற மதிப்புதான்.

பிறகு நடந்தவை தெரிந்தவையே. 2021இல் முன்னாள் ஊழியர்கள் கூடி, கம்பெனிக்குள் அச்சச் சூழல் நிலவியதாகப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். கரோனாவுக்குப் பின் மூலப்பொருள், மின்சாரம், ஆள்கூலி எல்லாம் ஏறின. அகலக்கால் வைத்துத் திறந்த மதுக்கூடங்கள் சுமையாயின. 2023இல் மட்டும் நட்டம் ஏறத்தாழ 5.9 கோடி பவுண்டு. 2024இல் வாட் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். கடைசியில் 2026 மார்ச்சில் டில்ரே என்ற அமெரிக்க நிறுவனம் சுமார் 3.3 கோடி பவுண்டுக்கு ஆலையையும் பெயரையும் சில மதுக்கூடங்களையும் வாங்கிக்கொண்டது. மற்ற மதுக்கூடங்கள் பல மூடப்பட்டன, நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். பீர் குடித்துப் பங்கு வாங்கியவர்களுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. அந்தத் தொகைக்கு முன்னுரிமைப் பங்குக்காரரும் பெரிதாக எதையும் மீட்டிருக்க முடியாது என்பது வேறு விஷயம்.

பத்திரத்தில் எழுதிய மதிப்பும் பெட்டிக்கு வந்து சேரும் பணமும் வேறு வேறு என்பதை நம் பகுதி பர்மாவில் படித்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம், 1930க்குப் பிந்தைய பொருளாதார வீழ்ச்சியில் கடனுக்கு ஈடாக நகரத்தார் கைக்கு வந்தது. ஐந்தொகையில், அதாவது சொத்தும் கடனும் காட்டும் கணக்கில், அது சொத்தாகவே நின்றது. விடுதலை பெற்ற பர்மா நிலங்களை எடுத்துக்கொண்டபோது ஊர் திரும்பியவர்கள் பலர் பத்திரங்களோடுதான் திரும்பினார்கள்.

நம் நாட்டிலும் இதற்கு நெருக்கமான கதை உண்டு. பீரா 91 என்ற பீரை விற்ற கம்பெனி, பங்குச் சந்தைக்குப் போகும் நோக்கில் தன் பெயரிலிருந்து ‘பிரைவேட்’ என்ற ஒரே சொல்லை எடுத்தது. மது மாநில அரசுகளின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள் ஆதலால், மாநிலம் மாநிலமாக லேபிளை மறுபடி பதிய வேண்டியதாகி, விற்பனை மாதக்கணக்கில் முடங்கியது. 2023-24இல் அதன் வரவு 638 கோடி ரூபாய், நட்டம் 748 கோடி ரூபாய். சந்தையில் பட்டியலிடப்படாத அதன் பங்குகளைத் தரகர்கள் மூலம் சாதாரண மக்களும் வாங்கி வைத்திருந்தார்கள்.

அத்தகைய தரகர் ஒருவரின் வாட்ஸ்அப் செய்தியைத்தான் சென்ற மாதம் கழனிவாசலில் இருக்கும் என் தங்கை மகன் கொண்டுவந்து காட்டினான். பட்டியலிடப்படாத ஒரு தின்பண்டக் கம்பெனியின் பங்கு. கடைசிச் சுற்றில் மதிப்பு இத்தனை கோடி என்று வண்ணப் படத்தோடு இருந்தது. “இதில் முன்னுரிமைப் பங்கு யாரிடம் இருக்கிறது, விற்றால் முதலில் எடுப்பவர் யார்?” என்று கேட்டேன். “அதெல்லாம் இதில் போடவில்லையே, மாமா” என்றான். கேட்டு எழுதச் சொன்னேன். தரகரிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை, அவனும் வாங்கவில்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஏதேனும் ஒரு புதிய கம்பெனியின் மதிப்பு இத்தனை ஆயிரம் கோடி ஆயிற்று என்று வணிகப் பக்கத்தில் வெளியிடும்போது, அதில் முன்னுரிமைப் பங்கு எவ்வளவு, அதற்கு உறுதியளித்த ஆதாயம் எத்தனை சதவீதம், கூட்டுவட்டியா தனிவட்டியா என்ற விவரங்களையும் சேர்த்து அச்சிட வேண்டும். நம் நாட்டில் இந்த ஆவணங்கள் பலவும் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யப்படுபவை. கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம். தங்கள் செய்தியாளர் ஒருவர் அரை நாள் செலவிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர்,
காரைக்குடி.