மஞ்சள் கருவும் மதிய வெயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வைட்டமின் டி குறைகிறது, சத்துணவோடு ஒரு மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் என்ன என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். காரைக்குடிப் பக்கம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அவர் கவலை நியாயமானதுதான். 2016–18-இல் மத்திய அரசு நடத்திய தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 18 சதவீதம் பேருக்கும், 10 முதல் 19 வயதில் 24 சதவீதம் பேருக்கும் இந்தக் குறை இருந்தது. ஆனால் மாத்திரைக்கு முன்னால் பார்க்க வேண்டியது வேறு இருக்கிறது.

முதலில் முட்டை. அதிலுள்ள வைட்டமின் டி ஏறக்குறைய முழுவதும் மஞ்சள் கருவில்தான். சாப்பாடு முடிந்து பிள்ளைகள் கை கழுவுகிற குழாயடிக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளை உருட்டி நாய்க்குப் போடுகிற பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. கேட்டால், "தொண்டையில விக்குது டீச்சர்" என்பார்கள். அதுவும் பொய்யில்லை. ரொம்ப நேரம் அவிந்த கரு வாயில் அப்பிக்கொள்ளும். எங்கள் மையத்துச் சமையலர் அம்மா முட்டையை இரண்டாகப் பிளந்து, தக்காளியும் வெங்காயமும் மிளகும் வதக்கிய மசாலாவில், கரு இருக்கிற பக்கம் கீழே படும்படி கவிழ்த்து வைப்பார். சாறு ஊறிய கருவை ஒரு பிள்ளையும் தூக்கிப் போட்டதில்லை. அரசின் உணவுப் பட்டியலிலேயே மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை என்றுதான் இருக்கிறது. ஆள் பற்றாத மையங்களில் வெறும் அவித்த முட்டையாகவே தட்டுக்கு வந்துவிடுகிறது.

சரி, கருவையும் தின்றுவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 40 அலகு (ஐ.யூ.) வைட்டமின் டி. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு விதிப்படி 5 கிராம் எண்ணெய். அது வைட்டமின் ஏ, டி சேர்த்த செறிவூட்டிய எண்ணெயாக இருந்தால் இன்னும் ஒரு 20, 30 அலகு. ஒரு நாளைக்கு வேண்டியதோ 600. செறிவூட்டிய அரிசி இருக்கிறதே என்பார்கள். "பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்கு" என்று சில தாய்மார் சண்டைக்கு வந்தார்களே, அந்த அரிசிதான். அதில் சேர்ப்பது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12. டி கிடையாது. மாலை போட்டிருக்கும் பிள்ளைகளுக்கு முட்டைக்குப் பதில் வாழைப்பழம் கொடுக்கிறோம், அதிலும் கிடையாது. ஆக, தட்டு எவ்வளவு நிறைந்தாலும் பத்தில் ஒரு பங்கைப் பெரிதாகத் தாண்டாது. மிச்சம் வெயிலில்தான் கிடைக்க வேண்டும்.

செட்டிநாட்டில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனால் முற்றத்தில் வற்றலுக்கும் வடகத்துக்கும் காட்டுகிற வெயிலை நாம் பிள்ளைகளுக்குக் காட்டுவதில்லை. பெண் பிள்ளை என்றால் "கறுத்துப் போயிருவ, உள்ள வா" என்று ஆச்சிமார் குரல் வந்துவிடும். நம் தோலின் நிறத்துக்கு வெளுத்த தோலைவிடக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும் என்பதை யாராவது அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். இளவெயில்தான் உடம்புக்கு நல்லது என்ற பேச்சும் இதில் உதவாது. தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதா பி கதிர், சூரியன் உயர ஏறிய பிறகுதான் தரைக்குப் போதிய அளவு வந்து சேரும். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரம் அது. வகுப்பு ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயிலில் அந்தக் கதிர் அநேகமாக இருக்காது. காலை வழிபாட்டுக்கு நிற்பதை மட்டும் நம்ப முடியாது.

சூரியன் உயர ஏறிய அந்த நேரத்தில் நம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? வகுப்புக்குள். விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியாரோ அறிவியல் வாத்தியாரோ கடன் வாங்கியிருப்பார். பத்தாம் வகுப்பு என்றால் கேட்கவே வேண்டாம்.

மாத்திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. கால் வளைந்த பிள்ளை, எலும்பு வலி என்று அழுகிற பிள்ளை உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஆனால் இது கொழுப்பில் கரைகிற வைட்டமின். மிஞ்சினால் உடம்பிலேயே தங்கும். அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஒரே மாதிரி வாரி வழங்கிவிட முடியாது. அப்புறம், கால்சியம் இல்லாமல் வைட்டமின் டி மட்டும் எலும்பைக் காப்பாற்றாது. கால்சியம் மிகுந்த கேழ்வரகுக் கூழும் புட்டும் நம் வீடுகளில் குறைந்துபோனதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கல்வித் துறையிடம் நான் கேட்பது செலவில்லாத காரியம். விளையாட்டுப் பீரியடை மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியடாக வையுங்கள். வாரத்தில் மூன்று நாளாவது, கையும் முகமும் வெயில் பட இருபது நிமிடம் பிள்ளைகள் ஓடட்டும். பங்குனி, சித்திரையில் உச்சி வெயில் வேண்டாம். பத்தரை மணி இடைவேளையில் விடுங்கள், மைதானத்தில் ஒரு குடம் தண்ணீரும் வையுங்கள். ஓடி வந்த பசியில் மஞ்சள் கருவும் தானாக உள்ளே போகும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
புதுவயல், சிவகங்கை மாவட்டம்.