வழுக்கும் என்று சொல்லாதே

யோகோஹாமா
பிப்ரவரி 21

அன்புள்ள சிதம்பரம்,

உன் கடிதம் நேற்று வந்தது. நல்ல சொல் கேட்டால் சோறுகூடக் கெடாது என்று யாரோ அனுப்பிய வீடியோவை நம்பி, இரண்டு பாட்டில்களில் சோற்றை அடைத்து, ஒன்றில் 'நன்றி' என்றும் மற்றதில் 'முட்டாள்' என்றும் சீட்டு ஒட்டி ஜன்னலில் வைத்திருக்கிறாய் என்று படித்து நான் சிரித்த சிரிப்பில் மகள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பதினோராம் நாள் 'நன்றி'யும் சேர்ந்து நாற ஆரம்பித்துவிட்டது, கமலா திட்டுகிறாள் என்கிறாய். தங்கச்சி திட்டுவதில் நியாயம் இருக்கிறது. முதலில் இரண்டையும் கொட்டிவிட்டு வந்து மீதியைப் படி.

ஜப்பானியர்கள் தண்ணீருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் குடிப்பார்களாமே என்று கேட்டிருக்கிறாய். முப்பத்தொரு வருடமாக இந்த ஊரில் குப்பை கொட்டுகிறேன். நான் பார்த்தவரை, காலையில் எழுந்ததும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள். உனக்கு வந்த வீடியோவின் மூலவர் மசாரு எமோட்டோ என்பவர். நல்ல சொல்லைக் காட்டிய தண்ணீர் அழகான படிகமாக உறைகிறது, வசைச் சொல்லைக் காட்டியது அலங்கோலமாக உறைகிறது என்று 1999-ல் படங்களோடு புத்தகம் போட்டார். உலகமெல்லாம் விற்றது. விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. இதே நாட்டில் நகாயா உகிச்சிரோ என்ற பௌதிகப் பேராசிரியர் இருந்தார். 1936-ல் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் குளிர் அறையில், ஒரு முயல் மயிரின் மேல், உலகின் முதல் செயற்கைப் பனிப் படிகத்தை வளர்த்தவர். எந்த வெப்பநிலையில் எவ்வளவு ஈரம் இருந்தால் எந்த வடிவம் வரும் என்று வரைபடமே போட்டார். பனி வானத்திலிருந்து வரும் கடிதம் என்று சொன்னவரும் அவர்தான். அவரை யாரும் வீடியோவாக உனக்கு அனுப்பமாட்டார்கள்.

கண்ணாடி முன் நின்று 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்கிறாயே, அதற்கு மட்டும் இங்கே ஒரு முன்னோடி உண்டு. நகமுரா டெம்பு, 1876-ல் பிறந்தவர். காசநோய் வந்து, வைத்தியம் தேடி மேற்கு நாடுகளெல்லாம் சுற்றி, கடைசியில் கஞ்சன்ஜங்கா அடிவாரத்தில் கரியப்பா என்ற யோகியிடம் பயின்று தேறியதாக அவரே சொல்லியிருக்கிறார். பெயர் குடகுப் பெயர், மலையோ இமயமலை. நான் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. 1919-லிருந்து டோக்கியோவில் போதிக்க ஆரம்பித்தார். தூங்கப் போகுமுன் கண்ணாடியைப் பார்த்து, 'நான்' என்று சொல்லாமல் 'நீ' என்று தன்னையே அழைத்துக் கட்டளையிட வேண்டும் என்பது அவர் முறை. நுரையீரல் நோயாளி தொண்ணூற்றிரண்டு வயதுவரை இருந்தார். ஆகவே கண்ணாடியை நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

சொல்லுக்குள் உயிர் இருக்கிறது என்ற நம்பிக்கை இங்கே மிகப் பழையது. கொட்டோடாமா என்பார்கள். 'கொட்டோ' என்றால் சொல். அதே ஒலிக்குப் பொருள், காரியம் என்றும் அர்த்தம். சொன்னால் நடந்துவிடும் என்பது அந்த ஒற்றை ஒலியிலேயே இருக்கிறது. 733-ல் சீனாவுக்குத் தூதுக் கப்பல் புறப்பட்டபோது, நோயோடு இருந்த யமனோவே நோ ஓக்குரா என்ற முதிய கவிஞர், 'கொட்டோடாமா வாழ்வு தரும் நாடு இது' என்று பாடி, குறையில்லாமல் சீக்கிரம் திரும்பி வா என்று வழியனுப்பினார். அந்தப் பாட்டு இருக்கும் மன்யோஷு என்ற பழைய தொகைநூலிலேயே இன்னொரு பாட்டு உண்டு. எனக்கு அதுதான் பிடிக்கும். 'நாணல் வெளியும் நெற்கதிரும் உள்ள இந்த நாடு, சொல்லை உரக்கத் தூக்காத தெய்வ நாடு. ஆனாலும் நான் தூக்குகிறேன், நீ நலமாகப் போய் வா' என்று போகிறது. கவனித்தாயா? சாதாரணமாகச் சொல்லை எடுப்பதில்லை, பயணம் போகிறவனுக்காக மட்டும் எடுக்கிறான். வீடியோக்காரர்கள் இந்தப் பாதியை விட்டுவிட்டார்கள். நூறு தடவை, ஆயிரம் தடவை சொல் என்கிறார்கள். நான் இங்கே தினமும் பார்ப்பது சொல்லாமல் விடுவதைத்தான்.

போன வாரம் பேரனுக்கு உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு. தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில் 'விழுவது', 'வழுக்குவது' என்ற இரண்டு சொற்களும் ஆகாது; இரண்டுக்கும் தோல்வி என்ற பொருள் உண்டு. ஒரு மாதமாக மகள் மேசையிலிருந்து பென்சில் உருண்டால்கூட 'கீழே போய்விட்டது' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தேர்வன்று பார்த்து விடியற்காலையில் பனி. எங்கள் தெரு சரிவில் இருக்கிறது. முழுக்கக் கண்ணாடி போல உறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு மூதாட்டி மண்வெட்டியோடு வெளியே நின்றிருந்தார். எண்பத்துமூன்று வயது. பையனைப் பார்த்ததும் வாயைத் திறந்தார், நிறுத்தினார், ஒரு விநாடி யோசித்தார். பிறகு, 'கால் வைக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்' என்றார். தன் வாசலை விட்டுவிட்டு, பையன் நடக்கப்போகும் பக்கத்தில் பனியைச் சுரண்ட ஆரம்பித்தார். நானோ பின்னாலிருந்து, 'டேய், வழுக்கும், பார்த்துப் போ!' என்று தமிழில் கத்திவிட்டேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! கொட்டோடாமாவுக்குத் தமிழ் தெரியாது என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

பையன் சட்டைப் பையில் என்ன இருந்தது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். ஒரு சிறு பொட்டலம் மணல். ரயில் எஞ்சின் ஓட்டிய காலத்தில், ஏற்றத்தில் சக்கரம் வழுக்காமலிருக்க நீ தண்டவாளத்தில் தூவுவாயே, அதே மணல்தான். இங்கே சில ரயில் நிறுவனங்கள் அதைப் பொட்டலம் கட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குக் கொடுக்கின்றன. முப்பது வருடம் ஈரோட்டில் நீ எவ்வளவு மந்திர மணலை வீணடித்திருக்கிறாய், பார்.

கல்யாண விருந்தில் 'முடிகிறது' என்று சொல்லமாட்டார்கள். கலைகிற நேரத்தில் 'திறக்கிறோம்' என்பார்கள். பேரிக்காய்க்குப் பெயர் 'நஷி', அதாவது இல்லை. அதனால் 'இருக்கிற பழம்' என்று இன்னொரு பெயர் வைத்தார்கள். நாணல் 'அஷி', கேட்டால் 'கெட்டது' போல ஒலிக்கும். ஆகவே அதை 'யோஷி', நல்லது, என்றார்கள். நம் தமிழய்யா நன்னூல் நடத்தும்போது மங்கலம் என்று சொல்லிக் கொடுத்தாரே, செத்தாரைத் துஞ்சினார் என்பது, சுடுகாட்டை நன்காடு என்பது, அதேதான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது இங்கே சொல்வது 'இத்தெ கிமாஸ்': போய்வருகிறேன். அம்மா சொல்லிக் கொடுத்தது அப்படியே இருக்கிறது என்று வந்த புதிதில் கண் கலங்கியிருக்கிறேன். 927-ல் தொகுத்த ஒரு சட்டநூலில், இசே கோயிலுக்குப் போகும் இளவரசியின் இல்லத்தில் விலக்க வேண்டிய சொற்களின் பட்டியல் இருக்கிறது. அங்கே 'இறந்தார்' என்பதற்கு 'குணமானார்' என்று சொல்ல வேண்டும். இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்திருக்கும் உன்னிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ.

இப்போது சண்டைக்கு வருகிறேன். இரண்டு மாதம் நெஞ்சு வலித்தும் கமலாவிடம் நீ சொல்லவில்லை. 'வாயால் சொன்னால் வந்துவிடும்' என்று இருந்தேன் என எழுதியிருக்கிறாய், ஏதோ பெருமை போல. அந்த வழியில் போன நாட்டில் இருந்துகொண்டு சொல்கிறேன், கேள். இரண்டாம் உலகப் போரில், 1943 பிப்ரவரியில் பசிபிக் கடலின் குவாடல்கனால் தீவிலிருந்து ஜப்பானியப் படை பின்வாங்கியது. அறிவிப்பில் பின்வாங்கினோம் என்று இல்லை. 'டென்ஷின்', திசை திரும்பி முன்னேறினோம் என்று இருந்தது. அந்த மே மாதம் அட்டு தீவில் படை அநேகமாக முழுவதும் அழிந்தது. அதை 'ரத்தினம் நொறுங்கியது' என்றார்கள். எல்லாமே அழகான சொற்கள். கேட்டுக்கொண்டிருந்த ஊர்க்காரர்களுக்குக் குண்டுவீச்சு விமானம் தலைக்கு மேல் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

நீ எஞ்சின் ஓட்டியவன். உனக்கும் உதவி ஓட்டுநருக்கும் சிக்னல் தெரிந்த உடனே என்ன நிறம் என்று ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்வதுதான் வேலை. இங்கே ஓட்டுநர் பெரும்பாலும் தனியாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். முதல் பெட்டியில் ஏறி ஓட்டுநர் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொள்வேன், சின்னப் பையன்களோடு போட்டி போட்டுக்கொண்டு. வெள்ளைக் கையுறை, நீட்டிய விரல், 'ஷுப்பட்சு ஷின்கோ!' 'புறப்படுவோம்' என்று உற்சாகமாகச் சொல்கிறார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. நிலையத்திலிருந்து புறப்படுவதற்கான ஸ்டார்ட்டர் சிக்னல் போகச் சொல்கிறது என்பதுதான் அதன் பொருள். சிவப்பு என்றால் அதற்கும் விரலை நீட்டி 'நில்' என்று சொல்கிறார். 1994-ல் இங்கத்திய ரயில்வே தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் சோதித்துப் பார்த்தது: சும்மா செய்தால் 100 செயலுக்கு 2.38 தவறு, விரல் நீட்டி வாய்விட்டுச் சொன்னால் 0.38. எல்லாம் சரி என்று கண்ட பிறகு பிளாட்பாரத்து ஊழியர் சொல்வார், 'யோஷி'. நாணலுக்கு வைத்த அதே ஒலி.

கண்ணாடி முன்னால் நிற்கும்போது 'படி ஏறினால் இடது தோளில் வலிக்கிறது' என்றும் ஒரு தடவை சொல்லிப் பார். பிறகு அதையே கமலாவிடமும் டாக்டரிடமும் சொல். அப்புறம் 'நான் நன்றாக இருக்கிறேன்' என்பதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லிக்கொள், தடையில்லை. அடுத்த பரிசோதனையின் எண்களை ஒன்றுவிடாமல் எனக்கு எழுது. 'பரவாயில்லை' என்று மட்டும் எழுதினால் பதில் போடமாட்டேன்.

தேர்வு முடிவு 28-ஆம் தேதி. அதுவரை தோசைக்கல்லைப் பற்றிக்கூட நான் பேசக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. ஒட்டினாலும் ஆபத்து இல்லை, வழுக்கினால்தான் ஆபத்து. பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் கொடுக்கக் கொஞ்சம் முறுக்கு சுட்டேன், உப்பு கூடிவிட்டது. அவர் ஒரு கடி கடித்து, தலையை ஆட்டி, 'தேநீருக்கு மிகவும் பொருத்தம்' என்றார்.

உன்,
வேலாயுதம்