லிமொன்செல்லோவை எங்கே ஊற்றுவது: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணம்மா,

வசந்தத்துக்குப் பொருத்தமாக லிமொன்செல்லோ என்ற இத்தாலிய எலுமிச்சை மதுவைப் போட்டு ஒரு கிரீம் இனிப்பு செய்ய வேண்டும், சாப்பிட 6 பேர் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி அளவு விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். செய்யும்போது இதைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. இந்த இனிப்பு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கெடுகிறது. எலுமிச்சை மணம் போதவில்லையே என்று கிரீமுக்குள்ளேயே லிமொன்செல்லோவை ஊற்றிக்கொண்டே போவார்கள். கிரீம் நீர்த்துப்போகும், மது நெடி ஏறும், எலுமிச்சை மணம் மட்டும் ஏறாது. நீ மூன்றையும் மூன்று இடத்தில் வை. மது பிஸ்கட்டில் ஊறட்டும். புளிப்பு, முட்டை சேர்த்துக் காய்ச்சிய குழைவில் இருக்கட்டும். மணம் பழத்தோலிலிருந்து வரட்டும். மஸ்கார்போனே என்ற இத்தாலிய மென்சீஸில் செய்யும் கிரீமுக்கு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் போனால் போதும்.

லிமொன்செல்லோ பிறந்த பக்கத்திலும் இப்படித்தான் செய்கிறார்கள். தெலீட்சியா அல் லிமோனே என்று ஒரு இனிப்பு உண்டு. தெற்கு இத்தாலியில் இருக்கும் சொரெந்தோவைச் சேர்ந்த கார்மினே மார்சுயில்லோ 1978-இல் உருவாக்கியது. அதிலும் லிமொன்செல்லோ பாகு கேக்கைத்தான் நனைக்கிறது. உள்ளேயும் மேலேயும் வரும் கிரீமின் மணமும் புளிப்பும் பெரும்பாலும் எலுமிச்சைப் பழத்திலிருந்தே வருகின்றன. நாம் செய்யப்போவது அதைவிட எளிது. காபியில் நனைத்த பிஸ்கட்டும் கிரீமும் மாற்றி மாற்றி வரும் திராமிசு என்ற இனிப்பு போல அடுக்குவதுதான். காபி இருக்கும் இடத்தில் எலுமிச்சை.

இனி பழம். எலுமிச்சை என்றதும் சின்னதாக, தோல் மெலிந்த, உருண்டைப் பழத்தை எடுத்துவிடாதே. அதன் மணம் வேறு, துருவவும் தோல் போதாது. நுனி கூர்ந்த, தடித்த தோலுள்ள பெரிய மஞ்சள் பழம் வேண்டும். சொரெந்தோ எலுமிச்சைக்கு 2000-இலும் அமால்ஃபி கடற்கரை எலுமிச்சைக்கு 2001-இலும் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பு கொடுத்தது. அவற்றுக்குப் பேர் வந்ததே எண்ணெய் நிறைந்த தோலால்தான். அந்தப் பழமே கிடைக்க வேண்டும் என்றில்லை. கையில் கனமாக இருக்க வேண்டும், தோலை நகத்தால் கீறினால் மணம் மூக்கில் ஏற வேண்டும், அவ்வளவுதான். 4 வாங்கு. 3 போதும், ஒன்று கைவசம் இருக்கட்டும். மெழுகு பூசிய பழமானால் வெந்நீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடை. பிழிவதற்கு முன்பே தோலைத் துருவிவிடு, பிழிந்த பழத்தைத் துருவ முடியாது. மஞ்சள் மட்டும் வர வேண்டும். அடியிலிருக்கும் வெள்ளைப் பகுதி கசப்பு. ஒரு இடத்தில் இரண்டு தடவைக்கு மேல் துருவியை இழுக்காதே.

லிமொன்செல்லோ பாட்டிலின் முன்பக்கப் படத்தைப் பார்க்காதே, பின்பக்கம் படி. எலுமிச்சைத் தோல், ஆல்கஹால், தண்ணீர், சர்க்கரை, இவ்வளவுதான் இருக்க வேண்டும். நிறமும் செயற்கை மணமும் சேர்த்ததை விட்டுவிடு. கிரீமோடு சேரும்போது சோப்பு வாசனை அடிக்கும். நல்லது லேசாகக் கலங்கித்தான் இருக்கும். தண்ணீர் சேர்த்ததும் இன்னும் வெளுத்துக் கலங்கும். பயப்படாதே, ஆல்கஹாலில் கரைந்திருந்த தோல் எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிவதுதான் அது. பெரும்பாலும் 25 முதல் 32 சதவீதம் ஆல்கஹால் இருக்கும். பால் அல்லது கிரீம் சேர்த்த ‘கிரேமா தி லிமொன்செல்லோ’ என்று ஒரு வகையும் பக்கத்திலேயே அடுக்கியிருப்பார்கள். அது வேறு சரக்கு: ஆல்கஹால் குறைவு, இனிப்பு அதிகம், எலுமிச்சைச் சாறு பட்டால் திரிந்துவிடும். இதற்கு அது வேண்டாம்.

முதல் நாள் மாலையே எலுமிச்சைக் குழைவைச் செய்துவிடு. கடையில் ‘லெமன் கர்ட்’ என்று விற்பது இதுதான், தயிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 100 கிராம் சர்க்கரையில் 2 பழத்தின் தோல் துருவலைப் போட்டு விரலால் நன்றாகத் தேய். சர்க்கரை ஈர மணல் மாதிரி ஆகி மஞ்சள் ஏற வேண்டும். இந்த இரண்டு நிமிடத்தைச் சோம்பலில் விட்டுவிடாதே, தோலின் எண்ணெய் வெளியே வருவது இங்கேதான். பிறகு 3 மஞ்சள் கரு, 1 முழு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து உடனே அடி. சர்க்கரையைக் கருவின் மேல் கொட்டிவிட்டு வேறு வேலைக்குப் போனால், சர்க்கரை ஈரத்தை இழுத்துக் கரு சின்னச் சின்ன மணியாக இறுகிவிடும், அதைக் கரைக்க முடியாது. அப்புறம் 80 மில்லி சாறு.

பாத்திரம் கண்ணாடியோ எவர்சில்வரோ இருக்கட்டும். அலுமினியத்தில் புளிப்பு பட்டால் உலோகச் சுவை வரும். கீழே ஒரு பாத்திரத்தில் 3 செ.மீ. தண்ணீர் மெல்லக் கொதிக்கட்டும். மேல் பாத்திரத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. கையை எடுக்காமல் விஸ்க்கால், அதாவது கம்பி மத்தால், கிண்டு. 8 முதல் 10 நிமிடம் ஆகும். முதல் 5 நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அதை நம்பித் தீயைக் கூட்டிவிடாதே, கெட்டியாகத் தொடங்கினால் சட்டென்று ஆகும். தெர்மாமீட்டர் இருந்தால் 76 முதல் 78 டிகிரி செல்சியஸ். இல்லையென்றால் கரண்டியின் பின்பக்கம் பூசி விரலால் ஒரு கோடு இழுத்துப் பார், கோடு மூடாமல் நின்றால் இறக்கு. சர்க்கரை இருப்பதால் முட்டை இறுகும் வெப்பம் கொஞ்சம் மேலே தள்ளிப்போகிறது, அதனால்தான் இந்த அளவு சூடு தாங்குகிறது. ஆனாலும் 80-ஐத் தாண்டவிடாதே. இந்தச் சூட்டில் முட்டை நன்றாக வெந்துவிடுகிறது, அது எனக்கு முக்கியம். பச்சை மஞ்சள் கருவை அடித்துச் சேர்க்கும் பழைய முறை எனக்கு உடன்பாடில்லை. லிமொன்செல்லோவில் இருக்கும் ஆல்கஹால் கிருமியைக் கொன்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

இறக்கியதும் வடிகட்டு. துருவல் சல்லடையில் நின்றுவிடும், அதன் வேலை முடிந்தது. ஆவி அடங்கியதும் 60 கிராம் உப்பில்லாத வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டுக் கலக்கு. மேலே ஆடை கட்டாமல் இருக்க, பிளாஸ்டிக் உறையைக் குழைவின் மேலேயே ஒட்டினாற்போல் மூடி ஃப்ரிட்ஜில் வை. சிறு சிறு கட்டி விழுந்திருந்தால் சூடாக இருக்கும்போதே மிக்சியில் ஒரு சுற்று விட்டு மறுபடி வடிகட்டினால் தப்பிக்கும். அவித்த முட்டை வாசனை வந்துவிட்டால் தப்பாது, புதிதாகச் செய். நீர்த்தே இருந்தால் சூடு போதவில்லை என்று அர்த்தம், திரும்ப ஏற்றலாம்.

அடுத்து ஊறவைக்கும் பாகு. 60 மில்லி தண்ணீரைச் சூடாக்கி 20 கிராம் சர்க்கரை கரைத்து, முழுக்க ஆறவிட்டு, 100 மில்லி லிமொன்செல்லோவும் 20 மில்லி எலுமிச்சைச் சாறும் சேர். சூட்டில் லிமொன்செல்லோவை ஊற்றினால் முதலில் பறப்பது மணம்தான். சூடான பாகில் பிஸ்கட்டும் கரைந்துபோகும். சர்க்கரை குறைவாக இருக்கிறதே என்று கூட்டிவிடாதே, லிமொன்செல்லோவிலேயே ஏராளமாக இருக்கிறது.

இப்போது கிரீம். 250 கிராம் மஸ்கார்போனே, கொழுப்பு 35 சதவீதம் உள்ள 200 மில்லி கிரீம், 30 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு பழத்தின் தோல் துருவல், செய்து வைத்த குழைவில் 150 கிராம், 2 மேசைக்கரண்டி லிமொன்செல்லோ. மஸ்கார்போனே என்பது கிரீமைச் சூடாக்கி அமிலம் சேர்த்துத் திரட்டி வடித்ததுதான். அதில் ஏறக்குறைய 40 சதவீதமோ அதற்கு மேலோ கொழுப்பு. ஏற்கெனவே அமிலம் பட்டுத் திரண்ட பொருள் என்பதால் பச்சைச் சாறும் பலமான அடியும் சேர்ந்து விழுந்தால் மணல் மணலாகிவிடும். அதனால்தான் சாற்றை நேராக ஊற்றாமல் முட்டையும் வெண்ணெயும் அணைத்த குழைவாகச் சேர்க்கிறோம்.

மஸ்கார்போனேயை 15 நிமிடம் முன்பு வெளியே எடுத்து வை. சர்க்கரையும் துருவலும் போட்டு ஸ்பாட்டுலாவால் ஐந்தாறு சுற்று, கட்டி உடையும் வரை மட்டும். மின்சார பீட்டர் இதன் பக்கமே வரக் கூடாது. குழைவு ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுச் சேர். வெதுவெதுப்பாக இருந்தால் கொழுப்பு இளகி எல்லாம் ஓடிவிடும். லிமொன்செல்லோவை ஒவ்வொரு கரண்டியாக விடு. அதையும் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் நல்லது, ஆல்கஹாலும் சர்க்கரையும் இருப்பதால் கட்டியாகாது. கிரீமைத் தனியாக, நன்றாகக் குளிர்ந்த பாத்திரத்தில் அடி. விஸ்க்கைத் தூக்கினால் நுனி லேசாகத் தலைசாய வேண்டும், அங்கேயே நிறுத்து. அதை மூன்று பங்காக மஸ்கார்போனேயில் மடித்துச் சேர்.

கலவை தளதளவென்று இருந்தால் மேலும் அடிக்கத்தான் கை போகும். அடிக்காதே. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வை, கொழுப்பு இறுகித் தானே நிற்கும். லேசாகத் திரிகிற மாதிரி தெரிந்தால் அடிக்காத குளிர்ந்த கிரீம் 2 மேசைக்கரண்டி விட்டுக் கையால் மெல்ல மடித்தால் மறுபடி சேரும். தண்ணீர் பிரிந்து வெண்ணெய் திரண்டுவிட்டதானால் ஒன்றும் செய்ய முடியாது. ஜெலட்டின் சேர்க்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. ஒரு இரவு குளிர்ந்தால் இது ஸ்பூனில் நிற்கிற அளவுக்கு இறுகும், அதற்கு மேல் வேண்டாம். மஸ்கார்போனேக்குப் பதில் கிரீம் சீஸ் போடலாமா என்று கேட்பாய். அதில் உப்பும் புளிப்பும் இருக்கிறது. வேறு வழியே இல்லை என்றால் குழைவில் சாற்றை 60 மில்லியாகக் குறைத்துக்கொள், ஆனால் சுவை ஒன்றல்ல.

250 மில்லி பிடிக்கும் 6 கண்ணாடிக் கிண்ணம் எடுத்துக்கொள். சவோயார்டி என்ற விரல் போல நீண்ட பிஸ்கட் 18; பாக்கெட்டில் லேடி ஃபிங்கர் என்றும் இருக்கும். மொறுமொறுப்பானதாகப் பார்த்து வாங்கு, கேக் மாதிரி மெத்தென்றிருப்பது பாகில் கூழாகிவிடும். கிண்ணத்துக்கு 3. ஒன்றரையை உடைத்து அடியில் போட்டு அதன் மேல் 1 மேசைக்கரண்டி பாகு, பிறகு கிரீம், அதன் மேல் மீதி எலுமிச்சைக் குழைவில் ஒரு கரண்டி. மறுபடி பிஸ்கட், 1 மேசைக்கரண்டி பாகு, கிரீம். கிண்ணத்தில் அடுக்கும்போது பிஸ்கட்டை முக்காமல் கரண்டியால் விடுவதுதான் சரி, அளவு கை தவறாது. பிஸ்கட் நடுவில் காய்ந்து தெரியும், இன்னும் கொஞ்சம் ஊற்றலாமே என்று தோன்றும். வேண்டாம். இரவுக்குள் பாகு உள்ளே பரவிவிடும், கிரீமின் ஈரமும் இறங்கும். கூடுதலாக ஊற்றினால் காலையில் அடியில் தேங்கி நிற்கும்.

குறைந்தது 6 மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, மூடி வை. ஃப்ரிட்ஜில் எது இருந்தாலும் மஸ்கார்போனே அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். செய்த அன்று மது நெடி முன்னால் நிற்கும். மறுநாள்தான் எலுமிச்சை முன்னே வரும். 2 நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாளுக்கு வைக்காதே. அடுக்கிய பிறகு ஃப்ரீசரில் வைத்தால் கிரீம் பிரிந்துவிடும்.

வசந்தத்தில் ஸ்ட்ராபெரி நன்றாக வரும், இதற்கு அது அருமையான ஜோடி. ஆனால் அடுக்குக்குள் வைக்காதே, இரவெல்லாம் நீர் விட்டு கிரீமைச் சிவப்பாக்கும். பரிமாறுவதற்கு 10 நிமிடம் முன்பு நறுக்கி மேலே வை. புதினா வேண்டாம், எலுமிச்சைத் தோலின் மணத்தை அது அமுக்கிவிடும்.

ஒன்று மறக்காதே. லிமொன்செல்லோ 30 சதவீதம் என்றால் இந்தக் கணக்கில் ஒரு கிண்ணத்தில் ஏறக்குறைய 6 மில்லி தூய ஆல்கஹால் இருக்கிறது. எதுவும் கொதிக்கவில்லை, அதனால் எதுவும் போகவில்லை. குழந்தைகளோ கர்ப்பிணிகளோ மது தொடாதவர்களோ வந்தால், அவர்களுக்கு எத்தனை கிண்ணமோ அந்த அளவு மஸ்கார்போனேக் கலவையை லிமொன்செல்லோ விடுவதற்கு முன்பே எடுத்து வைத்துவிடு, அடித்த கிரீமை அதிலும் பங்கிட்டு மடித்துச் சேர். பாகுக்கு 150 மில்லி தண்ணீர், 60 கிராம் சர்க்கரை, கைவசம் இருக்கும் நான்காவது பழத்தின் தோல் சீவல். ஒரு கொதி வந்ததும் இறக்கி மூடி 20 நிமிடம் விட்டு வடிகட்டி, ஆறியதும் 2 மேசைக்கரண்டி சாறு சேர். அந்தக் கிண்ணங்களுக்கு வேறு நிறத்தில் ஸ்பூன் போட்டு வை. பார்வைக்கு எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கும்.

குழைவு காய்ச்சும்போது ஏதாவது சந்தேகம் வந்தால் முதலில் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கு, அப்புறம் எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா