கார் விற்றவர் ஜெனரல் ஆன கதை

ஆசிரியருக்கு வணக்கம்.

ராணுவத் தளவாடக் கொள்முதலில் தொழிலதிபர்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் வில்லியம் நுட்சனின் கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். கோபன்ஹேகனில் பிறந்து, 1900இல் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர். ஃபோர்டில் தொழில் கற்று, பிறகு ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரலே கார் பிரிவைத் தூக்கி நிறுத்தி, 1937இல் அந்த நிறுவனத்துக்கே தலைவரானார். 1940இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் அழைத்ததும் அந்தப் பதவியை உதறிவிட்டு, ராணுவத் தளவாட உற்பத்தியைக் கவனிக்க, ஆண்டுக்கு 1 டாலர் சம்பளத்தில் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தார்.

டாங்கி செய்து தர முடியுமா என்று அவர் கேட்டது போட்டி நிறுவனமான கிரைஸ்லரை! அங்கிருந்த பொறியாளர்கள் டாங்கியை அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. வரைபடங்களை வாங்கி வந்து, முதலில் மரத்தில் ஒன்றைச் செய்து பொருத்திப் பார்த்தார்கள். 1941 ஏப்ரலில் நிஜ டாங்கியே வெளியே வந்துவிட்டது. எந்தப் பட்டறையால் எது முடியும் என்று தெரிந்தவர் கேட்டதால்தான் இது நடந்தது என்பது என் கணிப்பு.

1942 ஜனவரியில் அவர் இருந்த அரசு உற்பத்தி அலுவலகத்தையே கலைத்துவிட்டு, சியர்ஸ் என்ற சில்லறை வணிக நிறுவனத்திலிருந்து வந்த டொனால்ட் நெல்சனிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். நுட்சன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. லெப்டினன்ட் ஜெனரலாகச் சீருடை அணிந்து, தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கினார். ஒரு நாள்கூடப் படையில் இருந்திராதவருக்கு நேரடியாக மூன்று நட்சத்திரம்!

அதே காலத்தில், கம்பெனிச் சம்பளத்தையும் விடாமல் அரசுப் பணிக்கு வந்த ‘1 டாலர் அதிகாரிகளை’ போர்க்காலச் செலவுகளை விசாரித்த செனட் குழுவான ட்ரூமன் குழு கடுமையாகச் சாடியது. அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்