காடகன் ஹாலுக்கு ஒருதரம் போய் வா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழை மூட்டத்தோடு சேர்ந்து வந்து போகிறது. மற்றபடி குறையில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ புலம்பியதற்கு நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தாள், பேச்சு எங்கேயோ போய்விடும் என்று விட்டுவிட்டேன். "இத்தனை வருஷம் படித்துவிட்டு எவனோ கட்டிய கட்டடத்துக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றாய். கூடப் படித்தவர்கள் துபாயில் நாற்பது மாடிக்கு வரைகிறார்கள், உனக்கு மட்டும் லண்டனில் பழைய ஜன்னல் கணக்கும் சுவரில் ஏறும் ஈர ஓதமும் என்றாய். வேலையை விடுவதா வேண்டாமா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். அதில் நான் தலையிட மாட்டேன். அதற்கு முன்னால் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. உன் லண்டனில் அவர் கட்டிய காடகன் ஹாலுக்கு ஏன் போகச் சொல்கிறேன் என்பது கடைசியில் வரும்.

ராபர்ட் ஃபெலோஸ் சிஷோம். பெயர் உனக்குத் தெரியும், கல்லூரியில் ஒரு செமஸ்டர் மனப்பாடம் செய்திருப்பாய். பிறந்தது 1840, இறந்தது 1915. மெட்ராஸ் அரசாங்கத்துக்கு ஆலோசனைக் கட்டடக்கலைஞராக இருந்தவர். நான் சேப்பாக்கத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க அவர் கட்டியதைத் தாண்டித்தான் டீக்கடைக்குப் போய் வந்தேன். நம் ஊரில் சிவப்பாக, டோம் வைத்து எது நின்றாலும் அவர் தலையில் கட்டிவிடுவார்கள். ஹைகோர்ட்டு அவருடையது இல்லை. எழும்பூர் ரயில் நிலையமும் இல்லை. அவருக்குப் பின்னால் வந்த ஹென்றி இர்வினுக்கு அவற்றில் பங்கு உண்டு. மாநிலக் கல்லூரி சிஷோமுடையதுதான், ஆனால் உச்சியில் நாலு பக்கமும் கடிகாரம் வைத்த டோம் இருக்கிறதே, அது 1940-ல் ஏற்றியது.

அவர் ஆரம்பத்தில் வங்காளத்தில் மராமத்து இலாகா எஞ்சினியர். 1864-ல் மெட்ராஸ் அரசு மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழக செனட் ஹாலுக்கும் வரைபடம் கேட்டுப் போட்டி வைத்தது. அதில் ஜெயித்தபோது அவருக்கு இருபத்து நாலு வயது. இன்றைக்கு உன்னைவிடச் சின்னப் பையன். சரி, ஜெயித்தாயிற்று, இரண்டையும் மளமளவென்று கட்டியிருப்பார் என்று நினைப்பாய். கல்லூரி 1867-ல் தொடங்கி 1870-ல் முடிந்தது. செனட் ஹாலுக்கு வேலை ஆரம்பித்ததே 1874-ல். முடிந்தது 1879-ல்.

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அந்த இரண்டையும் ஒரே நடையில் பார். ஒரே கடற்கரைச் சாலை, ஒரே போட்டியில் ஜெயித்த ஒரே ஆள். கல்லூரி இத்தாலிக்காரன் பாணி. ஒழுங்காக, அடக்கமாக இருக்கும், குறை சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனால் அதை நேப்பிள்ஸில் தூக்கி வைத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். செனட் ஹால் அப்படியில்லை. நாலு மூலையிலும் கோபுரம், அதன் மேல் வெங்காய டோம், தூண் தலையில் கல்லில் செதுக்கிய போதிகை, வண்ணக் கண்ணாடி, பைசாண்டியம் என்கிற பழைய கிழக்கு ரோமானியப் பாணியும் நம் சுல்தான்களின் தக்காணமும் கலந்த ஒரு கலவை. எனக்கு அது கொஞ்சம் அதிகப்படி என்றுகூடத் தோன்றும். ஆனால் வேறு எந்த ஊரிலும் அதைத் தூக்கி வைக்க முடியாது.

நடுவில் அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தார்? ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

சேப்பாக்கம் அரண்மனை 1768-ல் ஆற்காட்டு நவாபுக்குக் கட்டியது. நவாப் பட்டம் போனபிறகு கிழக்கிந்தியக் கம்பெனி அதை எடுத்துக்கொண்டு ஆபீஸாக்கிவிட்டது. அந்தப் பழைய கட்டடத்தோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி புது வேலை செய்யும் பொறுப்பு சிஷோமுக்கு வந்தது. அரண்மனையின் இரண்டு பகுதிகளான கல்சா மகாலுக்கும் ஹுமாயூன் மகாலுக்கும் நடுவில் ஒரு கோபுரம் எழுப்பினார். கடற்கரை முகப்பில் ரெவின்யூ போர்டு கட்டடம் வந்தது. அங்கே இத்தாலிப் பாணி செல்லாது. பக்கத்தில் நூறு வருஷமாக ஒன்று நிற்கிறது. அதன் வளைவு எத்தனை அகலம், கைப்பிடிச் சுவர் எந்த உயரத்தில் ஓடுகிறது என்று அளந்துதான் ஆக வேண்டும். தன் இஷ்டத்துக்கு வரைய வந்தவன் அளவு நாடாவோடு இன்னொருத்தன் சுவரில் ஏறியிருக்கிறான்.

அதே காலத்தில் மதுரை. கவர்னர் நேப்பியர் பிரபு உத்தரவில் திருமலை நாயக்கர் மகாலை 1866 முதல் 1872 வரை பழுதுபார்த்தார்கள். சிஷோமுக்கும் அதில் கை உண்டு. நீ சின்னப் பெண்ணாக இருக்கும்போது அங்கே ஒலி-ஒளிக் காட்சி பார்க்கப் போய்த் தூங்கிவிட்டாய், நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்தத் தூண்களை இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. உள்ளே செங்கல், வெளியே சுண்ணாம்பு. சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்தார்கள் என்பார்கள்.

சுண்ணாம்பு என்றதும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இது எனக்கே கைப்பட்ட விஷயம். பழைய கட்டடத்தில் சிமெண்ட் பூசினால் ஒன்றிரண்டு மழைக்கு ஜம்மென்று இருக்கும். அப்புறம் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கல்லை அரிக்கும், பூச்சு பலகை பலகையாக உப்பி வரும். சுண்ணாம்புச் சாந்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் அவசரப்பட்டால் நடக்காது. சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுத் தாளித்து, சலித்து, நாள் கணக்கில் ஊறப் போட வேண்டும். கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்து அந்தத் தண்ணீரில் அரைக்க வேண்டும். கடைசிப் பூச்சை வழவழக் கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்தால் சலவைக்கல்லா சுவரா என்று சந்தேகம் வரும். எங்கள் ஆபீசில் எஸ்டிமேட் போடும்போது "சிமெண்டே போதும் சார், பில் சீக்கிரம் பாஸ் ஆகும்" என்று சொல்ல எப்போதும் ஒரு ஆள் இருப்பார். 2012 ஜனவரியில் கல்சா மகால் தீப்பிடித்தது. தேக்கு உத்தரம் எரிந்து மெட்ராஸ் டெரஸ் என்கிற செங்கல் கூரை அப்படியே உட்கார்ந்தது. தீயணைப்புத் துறைக்காரர் ஒருவர் உயிரும் போயிற்று. இடித்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். நல்லவேளை, பழைய முறையிலேயே சுண்ணாம்பு அரைத்து, உத்தரத்தின் மேல் ஆச்சுக்கல் என்கிற சின்னச் செங்கல்லைச் சாய்வாக நிறுத்திக் கூரை போட்டு எழுப்பிவிட்டார்கள். உன் ஓதப் பிரச்சினைக்கு அங்கே என்ன மருந்து கொடுக்கிறார்கள் என்று எழுது. அங்கேயும் சுண்ணாம்புதான் என்று என் ஊகம்.

சிஷோமுக்கு வருகிறேன். நேப்பியர் 1870 வாக்கில் இந்தியாவில் அரசுக் கட்டடங்களுக்கு இந்தியப் பாணியே பொருத்தம் என்று பேசிவந்தார். அதைக் கேட்டுத்தான் சிஷோம் மாறினார் என்று பல பேர் எழுதுவார்கள். கவர்னர் சொன்னால் காண்ட்ராக்ட் கிடைக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கவர்னர் பேச்சைக் கேட்டு ஒரு பாணியை எடுப்பவன் நாலு டோமை மேலே ஒட்டிவிட்டுப் போவான். அப்படியும் நிறையக் கட்டினார்கள். திருவனந்தபுரத்தில் சிஷோம் கட்டிய, நேப்பியர் பேரில் இருக்கிற மியூசியத்தைப் பார், வித்தியாசம் புரியும். 1874-ல் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு 1880-ல் முடித்தது. அதில் டோமே கிடையாது. செங்குத்தான ஓட்டுக்கூரை, மர முகப்பு, காற்று தானாக ஓடுகிற அமைப்பு. பத்மநாபபுரம் அரண்மனைக்கு நாம் போனோமே, அந்தச் சரிவும் அந்த முக்கோண முகப்பும் அங்கே தெரியும். மலையாள மழைக்கு எந்தக் கூரை நிற்கும் என்று அங்கத்து ஆசாரிக்குத் தெரிந்ததை இவர் எடுத்துக்கொண்டார். பிடித்துப்போய் மெட்ராஸுக்கும் கொண்டுவந்துவிட்டார். சென்ட்ரல் பக்கம் விக்டோரியா பப்ளிக் ஹாலில் ஒரு சதுரக் கோபுரம், அதன் தலையில் இருப்பது அசல் திருவிதாங்கூர்த் தொப்பி. கட்டியது நம்பெருமாள் செட்டியார்.

செட்டியார் பெயராவது நமக்குத் தெரிகிறது, பெரிய காண்ட்ராக்டர். செனட் ஹாலில் போதிகை செதுக்கியவன் பெயர் யாருக்குத் தெரியும்? சிஷோம் சில காலம் மெட்ராஸ் கலைப் பள்ளிக்கும் தலைவராக இருந்தார், உள்ளூர்க் கைவேலைக்காரர்கள் மேல் மதிப்பு வைத்திருந்தார், எல்லாம் சரி. ஆனாலும் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு நம் ஆளை வர விட்டதில்லை அந்த இலாகா. இந்திய, இஸ்லாமியப் பாணிகளைக் கலந்த இந்தக் கட்டடங்களுக்கு 'இந்தோ சாரசெனிக்' என்று பெயர் வைத்ததும் வெள்ளைக்காரர்கள்தான், எது இந்தியப் பாணி என்று தீர்ப்பு சொன்னதும் அவர்கள்தான். அவரைக் கும்பிடச் சொல்லி நான் இதை எழுதவில்லை.

பரோடா கதை இருக்கிறதே, அதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். பரோடா மகாராஜா கெய்க்வாடுக்கு லட்சுமி விலாஸ் அரண்மனை. வரைந்தவர் மேஜர் சார்லஸ் மான்ட், ராணுவ எஞ்சினியர். 1878-ல் வேலை தொடங்கியது. தன் கணக்கு எங்கோ பிசகிவிட்டது, கட்டடம் இடிந்து விழப்போகிறது என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டு மனம் பேதலித்து, 1881-ல் இறந்துபோனார் என்று சொல்வார்கள். வேலை பாதியில் நிற்கிறது. அது சிஷோம் கைக்கு வந்தது.

அந்த நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பார். வரைபடம் உன்னுடையது இல்லை. அஸ்திவாரம் நீ பார்த்துப் போட்டதும் இல்லை. போட்டவரே "விழுந்துவிடும்" என்று சொல்லிவிட்டுச் செத்திருக்கிறார். மேஸ்திரியிலிருந்து மகாராஜா வரை எல்லார் காதுக்கும் அது போயிருக்கும். மாற்றிக் கட்டுகிறேன் என்று சொன்னால் செலவு, அப்படியே கட்டுகிறேன் என்றால் தலைக்கு ஆபத்து. என் சர்வீசில் இன்னொருவர் பாதியில் விட்டுப்போன ஒரு சாதாரணப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குச் சார்ஜ் எடுத்தபோதே எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. சிஷோம் முடித்துக் கொடுத்தார். 1890-ல் முடிந்தது, இன்றைக்கும் நிற்கிறது. மான்ட் போட்ட கணக்கில் தப்பு எதுவும் இருந்ததாகக் கட்டடம் இதுவரை சொல்லவில்லை. பக்கிங்ஹாம் அரண்மனையைப் போல நாலு மடங்கு என்று டூரிஸ்ட் கைடுகள் சொல்லிக்கொண்டிருப்பார்கள், அதை விடு.

சேப்பாக்கத்தில் பழைய சுவரை அளந்து பழகாத ஆளிடம் அந்த வேலையைக் கொடுத்திருந்தால் பாதியை இடித்துவிட்டுத் தன் பெயரில் புதிதாக ஆரம்பித்திருப்பான் என்பது என் எண்ணம். நிரூபிக்கச் சொன்னால் என்னிடம் காகிதம் இல்லை. இத்தனை வருஷம் கட்டடங்களோடும் எஞ்சினியர்களோடும் புழங்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். துபாயில் நாற்பது மாடி வரைகிறவனுக்கு பக்கத்துச் சுவர் எதுவும் இருக்காது. உனக்கு இருக்கிறது.

இனி உன் ஊர் விஷயம். மெட்ராஸும் பரோடாவும் ஆனபிறகு சிஷோம் இங்கிலாந்து திரும்பினார். ரிட்டயர் ஆகி ரோஜாச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வயது. அப்போது ஒரு சர்ச் கட்டினார். அமெரிக்காவில் தொடங்கிய கிறிஸ்தவ விஞ்ஞான சபைக்காக, செல்சீயில், ஸ்லோன் சதுக்கத்துக்குப் பக்கத்தில். 1907 வாக்கில் கட்டியது, அவருக்கு அறுபத்தேழு வயது இருக்கும். அதுதான் இன்றைக்குக் காடகன் ஹால். சபைக்கு ஆள் குறைந்துபோய்க் கட்டடம் கொஞ்ச காலம் சும்மா கிடந்தது. அப்புறம் அதைச் சங்கீத மண்டபமாக மாற்றி 2004-ல் திறந்தார்கள். ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா என்ற வாத்தியக் குழு அங்கே தொடர்ந்து வாசித்துவருகிறது. சர்ச்சாகக் கட்டியதில் வாத்தியச் சத்தம் வெளியே போகாமலும் வெளிச்சத்தம் உள்ளே வராமலும் செய்வதற்கு யாரோ மாதக்கணக்கில் ஜன்னல் ஜன்னலாகக் கணக்குப் போட்டிருப்பார்கள், உன்னைப் போல ஒருத்தி.

நீ அந்த ஊரில் இருந்துகொண்டு அதை இன்னும் பார்க்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான். ஆபீசிலிருந்து பாதாள ரயிலில் ஸ்லோன் ஸ்கொயரில் இறங்கினால் நடக்கிற தூரம் என்று மேப் காட்டுகிறது. டிக்கெட் வாங்கிக் கச்சேரி கேட்டாலும் சரி, தெருவில் நின்று பார்த்துவிட்டு வந்தாலும் சரி. முதலில் கோபுரத்தைப் பார். லண்டன் சர்ச்சு கோபுரம் என்றால் கூராக ஏறும், இது அப்படி ஏறாது. உச்சிக்குப் போகப்போக எனக்கு மெரினாதான் ஞாபகம் வருகிறது, போட்டோவில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். எனக்கு மட்டும் அப்படித் தோன்றுகிறதா, செனட் ஹாலைப் பார்த்து வளர்ந்த உனக்கும் தோன்றுகிறதா என்று தெரிய வேண்டும்.

சதுரமாக வருகிற கோபுரம் மேலே எந்த இடத்தில் வடிவம் மாறுகிறது, அந்த மூலையை எப்படித் திருப்பியிருக்கிறார் என்று கிட்டத்தில் நாலைந்து படம் எடுத்து அனுப்பு. வாட்ஸாப்பில் அனுப்பாதே, மங்கிவிடுகிறது. இமெயிலில் முழு அளவில் அனுப்பு. அம்மா கேட்கச் சொன்னாள்: தீபாவளிக்கு முறுக்கு பார்சல் போட்டால் இந்தத் தடவையாவது கஸ்டம்ஸில் விடுவார்களா?

அன்புடன்,
அப்பா