கொறடா உத்தரவு: செய்திகளில் விடுபடும் விவரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம்பிக்கை வாக்கெடுப்பு என்று செய்தி வரும்போதெல்லாம் ‘கொறடா உத்தரவை மீறினால் எம்.எல்.ஏ. பதவி பறிபோகும்’ என்ற ஒரு வரியும் கூடவே வருகிறது. மீறிய மறுநாளே தொகுதி காலியாகிவிடும் என்று வாசகர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

கொறடா என்றால் சாட்டை. தெலுங்கில் கொரடா, மராத்தியில் கோரடா, இந்தியில் கோடா, எல்லாம் அதே பொருள்தான். இங்கிலாந்தில் நரி வேட்டைக்குப் போகும்போது நாய்கள் கூட்டத்தை விட்டு விலகாமல் சாட்டையோடு பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருப்பார். அவரைக் குறித்த ‘விப்’ (சாட்டை) என்ற பெயர்தான் அந்நாட்டு நாடாளுமன்றத்தில், சொந்தக் கட்சிக்காரர்களை வாக்கெடுப்புக்குத் திரட்டுபவருக்கும் வந்தது. அவர் அனுப்பும் தாளுக்கும் அங்கே அதே பெயர். தமிழில் ஆளைக் கொறடா என்றும் தாளைக் கொறடா உத்தரவு என்றும் பிரித்து வைத்திருக்கிறோம். ஆகவே ‘கட்சி கொறடா பிறப்பித்தது’ என்று எழுத வேண்டியதில்லை. ‘மூன்று வரி கொறடா’ என்பதும் சரியல்ல. மூன்று வரியில் எழுதிய கடிதம் என்று அதைப் படிப்பவர்கள் உண்டு. வாசகத்தின் அடியில் போடும் கோடுகளின் எண்ணிக்கைதான் அது. ஒரு கோடு தகவல், இரண்டு கோடு அவைக்கு வந்தாக வேண்டும், மூன்று கோடு வந்து கட்சி சொன்னபடி வாக்களித்தாக வேண்டும்.

இனி சட்டம். 1985இல் 52ஆவது திருத்தத்தின் வழியே அரசியல் சாசனத்தில் சேர்ந்த பத்தாவது அட்டவணையில் (இதுதான் கட்சித் தாவல் சட்டம்) கொறடா என்ற சொல்லே கிடையாது. கட்சியோ, கட்சி அதிகாரம் அளித்தவரோ தரும் ‘கட்டளை’ என்றுதான் இருக்கிறது. அதற்கு மாறாக வாக்களித்தாலும், வாக்களிக்காமல் ஒதுங்கினாலும் குற்றம்தான். ஆனால் முன்அனுமதி பெற்றிருந்தால் குற்றமில்லை. 15 நாட்களுக்குள் கட்சி மன்னித்துவிட்டாலும் இல்லை. இந்த இரண்டும் இல்லாதபோதும் பேரவைத் தலைவரிடம் மனு போக வேண்டும், அவர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மீறினால் பதவி போகும் என்பதை உத்தரவிலேயே தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹான் வழக்கில் சொன்னது. ஆட்சி நிலைப்பதைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புகளுக்கும், மக்களிடம் சொல்லி வாக்குக் கேட்ட முக்கியக் கொள்கைகளுக்கும் மட்டுமே இந்தத் தண்டனை பொருந்துவது தகும் என்றும் கூறியது.

தமிழ்நாட்டில் அதிகம் குழப்பப்படுவது 2017ஆம் ஆண்டு நிகழ்வுகள். அந்த ஆண்டு செப்டம்பர் 18 அன்று 18 அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்டதை ‘கொறடா உத்தரவை மீறியதால்’ என்று இன்றும் எழுதுகிறார்கள். மனு கொடுத்தவர் கொறடா எஸ். ராஜேந்திரன் என்பது உண்மை. ஆனால் அவர்கள் எந்த வாக்கெடுப்பிலும் மாறி வாக்களிக்கவில்லை. முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்ததை, கட்சி உறுப்பினர் பதவியைத் தாமாகவே விட்டுக்கொடுத்த செயலாகப் பேரவைத் தலைவர் ப. தனபால் எடுத்துக்கொண்டார். அது அதே அட்டவணையில் உள்ள வேறு காரணம். 2018 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

உண்மையில் வாக்கெடுப்பில் எதிர்த்து நின்றவர்கள், அதே ஆண்டு பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசுக்கு எதிராக வாக்களித்த ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர். அவர்களைத் தகுதிநீக்கம் செய்யக் கோரி தி.மு.க. கொறடா அர. சக்கரபாணி நீதிமன்றம் வரை போனார். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முடிவைப் பேரவைத் தலைவரிடமே விட்டது. அதற்கு முந்தைய மாதம்தான், வேறொரு வழக்கில், இத்தகைய மனுக்களைப் பேரவைத் தலைவர் முடிவுசெய்ய மூன்று மாதமே நியாயமான கால அளவு என்று அதே நீதிமன்றம் கூறியிருந்தது. ஆனாலும் 2021இல் அவையின் காலம் முடியும்வரை 11 பேரில் ஒருவரும் பதவி இழக்கவில்லை. மனுவுக்குக் கெடு வைக்காத சட்டத்தில் இதுதான் பெரிய ஓட்டை. பத்திரிகைகள் விடாமல் எழுத வேண்டியது இதைப் பற்றித்தான்.

குடியரசுத் தலைவர் தேர்தலில் கட்சிகள் கொறடா உத்தரவு போட முடியாது. மாநிலங்களவைத் தேர்தலில் கட்சி எம்.எல்.ஏ., வாக்குச்சீட்டைத் தன் கட்சி முகவரிடம் காட்ட வேண்டும். காட்டாவிட்டாலும், வேறு யாரிடமாவது காட்டினாலும் வாக்கு செல்லாது. 2017இல் குஜராத்தில் இரண்டு காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்களின் வாக்கு இப்படித்தான் செல்லாமல் போனது. ஆனால் முறைப்படி காட்டிவிட்டு மாற்றுக் கட்சி வேட்பாளருக்கு வாக்களித்தால், அதற்காகக் கட்சித் தாவல் சட்டப்படி பதவி போகாது. 2006இல் குல்தீப் நய்யார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது.

கொறடாவை யார் நியமிப்பது என்பதும் முக்கியம். மகாராஷ்டிரத்தில் சிவசேனை உடைந்தபோது இரு தரப்பும் தனித்தனிக் கொறடாவை முன்னிறுத்தின. ஷிண்டே தரப்பின் பரத் கோகாவலேயைக் கொறடாவாகப் பேரவைத் தலைவர் ஏற்றது சட்டவிரோதம் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கொறடாவை நியமிக்க வேண்டியது அரசியல் கட்சி, எம்.எல்.ஏ.க்கள் கூடித் தீர்மானம் போட்டால் போதாது.

ஆகவே இனி இத்தகைய செய்திகளில், உத்தரவில் கையெழுத்திட்டவர் யார், அவரை நியமித்தது கட்சியா சட்டமன்றக் குழுவா, தகுதிநீக்க எச்சரிக்கை அதில் உண்டா, 15 நாள் எந்தத் தேதியில் முடிகிறது, பேரவைத் தலைவரிடம் மனு போயிற்றா என்ற விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.