டாம்பா வீட்டைப் பற்றி ஜெயாவுக்கு

நாகர்கோவில்
ஏப்ரல் 20

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. உன் கோபம் நியாயம்தான், திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். பெரியவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கோமதி அதே கோமதிதான், வேறென்ன சொல்ல. ஊர்க்கதையெல்லாம் அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்வோம்.

உன் கடிதத்தின் கடைசிப் பத்திதான் என்னை இப்போது எழுத வைக்கிறது. உன் பெண் தேன்மொழி அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் இருக்கும் டாம்பாவில் வீடு வாங்கியது ரொம்ப சந்தோஷம். ஆனால், "2024-ல் ரெண்டு புயல் அடித்தும் அந்த வீட்டில் ஓர் ஓடுகூட நகரவில்லையாம். அதில் ஒன்று கேட்டகரி மூன்று. இனிமேல் என்ன பயம்?" என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் காற்றழுத்தப் படம் போட்டுக் காட்டியவளா இப்படி எழுதுவது!

அந்த ரெண்டு புயலும் டாம்பாவுக்கு வரவே இல்லை, ஜெயா. ஹெலீன் செப்டம்பர் 26 அன்று நூறு மைலுக்கு அப்பால் கடலிலேயே கடந்து வடக்கே போய், பெர்ரி என்ற ஊருக்குப் பக்கத்தில் கரையேறியது. அவ்வளவு தூரத்தில் போன புயலுக்கே டாம்பா விரிகுடாவில் ஐந்து முதல் எட்டு அடி வரை கடல் உள்ளே ஏறியது. ஆட்கள் வீட்டுக்குள்ளேயே மூழ்கிச் செத்தார்கள். அடுத்த ரெண்டாவது வாரம், அக்டோபர் 9, மில்டன். அது நேரே டாம்பாவுக்குத்தான் என்று நினைத்து, பத்து முதல் பதினைந்து அடி வரை கடல் ஏறலாம் என்று எச்சரித்தார்கள். கடைசியில் தெற்கே சியெஸ்டா கீ என்ற தீவில் ஏறியது. நம் அரைக்கோளத்தில் புயல் இடப்பக்கமாகச் சுழல்கிறது என்பது உனக்குத் தெரியாததா? மேற்கிலிருந்து வரும் புயலுக்குக் கண்ணின் தென்பக்கத்தில் காற்று கடலைக் கரைமேல் தள்ளும், வடபக்கத்தில் தண்ணீரை வெளியே இழுக்கும். டாம்பா வடபக்கம் மாட்டியதால் விரிகுடாத் தண்ணீர் வடிந்து அடிச்சேறே தெரிந்தது. கண் ஐம்பது அறுபது மைல் வடக்கே தள்ளிப் போயிருந்தால் கதை வேறு. அந்த விரிகுடாவைப் பெரும்புயல் ஒன்று நேராகத் தாக்கியது 1921 அக்டோபரில். அன்றைக்குப் பத்தடிக்கு மேல் தண்ணீர். இன்றைக்கு அந்த வட்டாரத்தில் முப்பது லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். வீடு தப்பியது என்று சொல்வதைவிட, வீட்டுக்குப் பரீட்சையே வைக்கவில்லை என்று சொல்.

இந்தக் கேட்டகரி எண்தான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள அந்த அளவுகோல் காற்றின் வேகத்தை மட்டும்தான் சொல்லும். மணிக்கு 119 கிலோமீட்டரில் ஒன்று, 178-ல் மூன்று, 252-ல் ஐந்து. கடல் எவ்வளவு ஏறும், மழை எவ்வளவு கொட்டும், புயல் எத்தனை அகலம், எவ்வளவு மெதுவாக நகரும் என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. முன்பு கடல்மட்ட உயர்வையும் அதோடு சேர்த்துப் போட்டிருந்தார்கள். பொருந்தாமல் போனதால் 2010-ல் எடுத்துவிட்டார்கள்.

நம்பாவிட்டால் பட்டியலைப் பார். அமெரிக்கப் பெருநிலத்தில் கேட்டகரி ஐந்தாகவே கரையேறிய புயல்கள் நான்குதான். 1935 தொழிலாளர் தினப் புயல், நடுவில் காற்றழுத்தம் 892 மில்லிபார், மணிக்கு சுமார் 298 கிலோமீட்டர். 1969 கமீல். 1992 ஆண்ட்ரூ. 2018 மைக்கேல். இனி, அதிகம் பேரைக் கொன்றவை: 1900 கால்வெஸ்டன், 1928 ஓகீசோபி, 2017 மரியா, 2005 கத்ரீனா. அதிகப் பணத்தை விழுங்கியவை: கத்ரீனா, ஹார்வி, இயன், மரியா, சாண்டி. முதல் நான்கில் ஒன்றுகூட மற்ற ரெண்டு வரிசையிலும் இல்லை! கத்ரீனா கரையேறும்போது கேட்டகரி மூன்று. சாண்டி நியூ ஜெர்சியில் ஏறியபோது அதை ஹரிக்கேன், அதாவது வெப்பக்கடல் பெரும்புயல், என்றே கணக்கில் வைக்கவில்லை, அதன் இயல்பு மாறிவிட்டிருந்தது. ஹார்வி நான்கு நாள் நகராமல் நின்று, டெக்சாஸின் நெடர்லாண்ட் என்ற ஊரில் அறுபது அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. அதுவும் கத்ரீனாவும் அந்தந்த வருஷக் கணக்கில் தலா 12,500 கோடி டாலர்.

காற்று வலுத்தால் ஆபத்தில்லை என்று சொல்லவில்லை. வேகம் ரெட்டிப்பானால் சுவரில் விழும் அழுத்தம் நான்கு மடங்கு. ஆண்ட்ரூ அதைத்தான் காட்டியது. கூரைப் பலகையைச் சட்டத்தில் பிடிக்கும் ஆணி சரியாகப் பாயாமல், வெறும் ஸ்டேப்பிள் ஊசி அடித்து முடித்த வீடுகள் வரிசையாகத் தலை இழந்தன. அதற்குப் பிறகுதான் ஃபுளோரிடா முழுவதற்கும் ஒரே கட்டட விதி வந்தது, 2002-ல். தேன்மொழியின் வீடு அதற்குப் பிறகு கட்டியதா? இது என் முதல் கேள்வி.

ஆனால் ஆளைக் கொல்வது தண்ணீர். 1963 முதல் 2012 வரை அங்கே புயல்கள் நேரடியாகக் கொன்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தண்ணீரால் போனவர்கள், அதில் ஏறக்குறையப் பாதி கடல் ஏறி. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர்தான் உயரும். 900 மில்லிபார் புயலுக்கும் அந்த வகையில் ஒரு மீட்டர் சொச்சம்தான். மீதி எல்லாம் காற்று தள்ளிவருவது. கரையோரக் கடல் ஆழமாக இருந்தால் தள்ளிய நீர் கீழே திரும்பிப் போய்விடும். ஆழமில்லாமல் நீண்டு கிடந்தால் போக வழியில்லாமல் நிலத்தில் ஏறும். மயாமிப் பக்கம் ஆழம். டாம்பாப் பக்கம் வெகுதூரத்துக்கு ஆழமே கிடையாது. விரிகுடா வேறு புனல் மாதிரி இருக்கிறது.

டெக்சாஸ் கரையோரத் தீவு ஊரான கால்வெஸ்டனை நினைத்தால் இன்னும் மனசு ஆறுவதில்லை. தீவின் மிக உயர்ந்த இடமே ஒன்பது அடிக்குக் குறைவு. செப்டம்பர் 8 அன்று வந்த தண்ணீர் பதினைந்து அடிக்கு மேல். அங்கிருந்த வானிலை அதிகாரி ஐசக் க்ளைன், ஊருக்குப் பெரும்புயலால் பெருஞ்சேதம் வரும் என்ற பயம் மடமை என்று 1891-ல் எழுதிவைத்தவர். ஹவானாவின் பெலேன் ஆய்வகத்துப் பாதிரியார்கள், புயல் மேற்கே மெக்சிகோ வளைகுடாவுக்குள் போகிறது என்று கணித்தார்கள். அமெரிக்க வானிலைத் துறை அவர்களை நம்பவில்லை, கியூபாவிலிருந்து புயல் தந்தி வருவதையே தடுத்து வைத்திருந்தது. புயல் வளைந்து ஃபுளோரிடாப் பக்கம் போகும் என்றே இருந்தார்கள். எட்டாயிரம் பேர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள், பன்னிரண்டாயிரம் வரை சொல்பவர்களும் உண்டு. உடல்களைப் படகில் கொண்டுபோய்க் கடலில் இறக்கினார்கள். அலை திரும்பக் கொண்டுவந்து போட்டது. பிறகு வாரக்கணக்கில் கரையிலேயே எரித்தார்கள். க்ளைனின் மனைவியும் அந்த இரவில்தான் போனார்.

அதற்குப் பிறகு அந்த ஊர் செய்ததைச் சொல்லாமல் விடமுடியாது. பதினேழு அடி உயரத்துக்குக் கடல்சுவர் கட்டினார்கள். அதோடு விடாமல் ஊரையே தூக்கினார்கள்! ரெண்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கி வைத்துக் கையால் சுழற்றி ஏற்றி, அடியில் வாய்க்கால் வழியாக மணலும் தண்ணீரும் கலந்த குழம்பை ஓடவிட்டு, நீர் வடிந்து மணல் இறுகியதும் கட்டடத்தை அதன்மேல் உட்கார்த்தினார்கள். மூவாயிரம் டன் எடையுள்ள தேவாலயம் ஒன்றை ஐந்து அடி உயர்த்தினார்கள். 1915-ல் ஏறக்குறைய அதே பலத்தில் இன்னொரு புயல் வந்தபோது சுவருக்கு உள்ளே செத்தவர்கள் மிகச் சிலர்.

ஃபுளோரிடாவின் ஓகீசோபியில் கடலே இல்லை, ஏரி. வடக்குக் காற்று ஏரி நீரையெல்லாம் தென்கரைக்குத் தள்ள, மண்ணைக் குவித்துப் போட்டிருந்த கரை உடைந்தது. குறைந்தது 2,500 பேர். நான்கில் மூன்று பங்கு, அவரைக்காய் பறிக்கவும் கரும்பு வெட்டவும் வந்த கறுப்பினக் கூலித் தொழிலாளர்கள். வெஸ்ட் பாம் பீச்சில் வெள்ளையர்களுக்குப் பெட்டி கிடைத்தது. கறுப்பர்கள் 674 பேரை ஒரே குழியில் போட்டார்கள். பல பத்தாண்டுகள் அங்கே ஒரு கல்கூட நடவில்லை. சாவு எண்ணிக்கையைத் திருத்தியதே 2003-ல்தான். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது, ஜெயா.

எண்ணிக்கை விஷயம் மரியாவிலும் அப்படியே. போர்ட்டோ ரிக்கோவில் முதலில் 64 பேர் என்றார்கள். ஒரு வருஷம் கழித்து 2,975 என்று ஒத்துக்கொண்டார்கள். புயலன்று போனவர்கள் கொஞ்சம். மின்சாரம் இல்லாமல், டயாலிசிஸ் இல்லாமல், ஆக்ஸிஜன் கருவி ஓடாமல், இன்சுலின் கெட்டுப்போய் மாதக்கணக்கில் போனவர்கள் மீதி. கத்ரீனாவில் நியூ ஆர்லியன்ஸின் 17-ஆம் தெருக் கால்வாய்ச் சுவர், தண்ணீர் விளிம்பைத் தொடும் முன்பே சாய்ந்தது. இரும்புத் தகடுகள் போதிய ஆழம் இறங்கவில்லை, அடியில் களிமண் வழுக்கிவிட்டது. நகரத்தில் எண்பது சதவீதம் தண்ணீர். லூயிசியானாவில் இறந்தவர்களில் பாதிப் பேர் எழுபத்தைந்து வயது தாண்டியவர்கள். பலர் மச்சுக்கு ஏறி, மேலே கூரையை உடைக்க ஒன்றும் இல்லாமல் அங்கேயே போனார்கள்.

இனித் தேன்மொழிக்கு. இதை அப்படியே அவளுக்கு வாசித்துக் காட்டு.

டாம்பாப் பக்கம் ஏ முதல் ஈ வரை வெளியேற்ற மண்டலங்கள் பிரித்திருக்கிறார்கள். ஏ முதலில் கிளம்பவேண்டும். வீட்டு முகவரியைப் போட்டால் மாவட்ட நிர்வாகத்தின் வரைபடம் காட்டிவிடும். காப்பீட்டுக்கான வெள்ள மண்டலம் வேறு, இது வேறு. ரெண்டையும் குழப்பிக்கொண்டு உட்கார்ந்தே இருந்துவிடுகிறார்கள். அவள் மண்டலத்தைக் கிளம்பச் சொன்னால் கேட்டகரி என்னவென்று பார்க்காமல் கிளம்பவேண்டும். நூறு மைல் ஓடத் தேவையில்லை. கடலேறாத மேட்டில், உறுதியான வீட்டில், பத்து மைலுக்குள் ஓர் இடம் இப்போதே பேசி வைக்கட்டும்.

வெள்ளக் காப்பீடு எடுத்துவிட்டாளா? வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. அரசின் திட்டத்தில் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், சாமான்களுக்கு 1,00,000. பணம் கட்டி முப்பது நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயல் பருவம் ஜூன் 1-ல் தொடங்குகிறது. இன்றைக்கு ஏப்ரல் 20, நாள் எண்ணிக்கொள். வீட்டுக் காப்பீட்டிலும் புயல் சேதத்தில் நாமே முதலில் ஏற்கவேண்டிய பங்கு ஒன்று தனியாக இருக்கும், பெரும்பாலும் தொகையாக இல்லாமல் சதவீதமாக. நான்கு லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் ஐந்து சதவீதம் என்றால் முதல் இருபதாயிரம் அவள் கைப்பணம்.

கார் ஷெட்டின் பெரிய கதவைப் பார்க்கச் சொல். வீட்டில் மிக பலவீனமான இடம் அதுதான். அது உள்ளே மடங்கினால் காற்று புகுந்து கூரையை அடியிலிருந்து தூக்கும். காற்றுக்குத் தாங்கும் கதவா என்று ஒட்டியிருக்கும் சீட்டில் தெரியும். ஜன்னல் கண்ணாடியில் டேப் ஒட்டுவதால் ஒரு பயனும் இல்லை. ஷட்டர் வேண்டும், இல்லாவிட்டால் 5/8 அங்குல பிளைவுட்டை அளவாக வெட்டி, துளை போட்டு, எந்த ஜன்னலுக்கு எது என்று எழுதி இப்போதே அடுக்கிவைக்க வேண்டும்.

ஜெனரேட்டரை வீட்டிலிருந்து இருபது அடி தள்ளி, புகை வீட்டுப் பக்கம் வராதபடி வைக்கட்டும். ஷெட்டில் கதவைத் திறந்துவைத்து ஓட்டினாலும் ஆள் போய்விடும். 2020-ல் லாரா புயலில் லூயிசியானாவில் இறந்தவர்களில் பலர் இந்தக் கார்பன் மோனாக்சைடுக்குத்தான் பலியானார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது ஏறக்குறைய நான்கு லிட்டர் தண்ணீர். மாப்பிள்ளை வைத்திருப்பது மின்சாரக் கார் என்று எழுதியிருந்தாய். உப்புத்தண்ணீரில் முங்கினால் அந்த பேட்டரி பிறகு தானாகத் தீப்பிடிக்கலாம். முதல் எச்சரிக்கையிலேயே அதை மேட்டுக்குக் கொண்டுபோகட்டும், வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் விடவே கூடாது.

உன் சம்பந்தி அம்மா அங்கேதானே இருக்கிறார், இன்சுலின் போட்டுக்கொண்டு? மருந்தை ஒரு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிவைக்க மருத்துவரிடம் இப்போதே கேட்கவேண்டும். குளிர்பெட்டிக்கு ஐஸும் ஏற்பாடு வேண்டும். இது ஒன்றுதான் எனக்கு ராத்திரியில் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

அண்ணனுக்கு என் வணக்கம். நீ அடுத்த கடிதத்தில் எனக்கு மூன்று விஷயம் எழுது: வீடு கட்டிய வருஷம், மண்டல எழுத்து, வெள்ளக் காப்பீடு அமலுக்கு வரும் தேதி. மூன்று மாதம் காக்கவைத்தேன் என்று நீயும் அதே போலச் செய்துவிடாதே, முப்பது நாள் கணக்கு இருக்கிறது.

உன்
பார்வதி